சுரதாளக் குறிப்பும் படிப்போன் கண்ணும்

கம்பம் பள்ளத்தாக்கு தமிழிசை ஆராய்வார்க்கு இருவகையால் நினைக்கத்தக்கது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மூலிகை நாடிச் சென்று கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டது இப்பள்ளத்தாக்கின் சுருளிமலையில். 1917இல் வெளிவந்த அவர்தம் பெருநூல் கருணாமிர்த சாகரம் எனப் பெயர்பெற்றதும் அப்பெரியார் நினைவாகவே என்பர். இளையராஜா 1943இல் பிறந்ததும் இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில். முன்னவர் தமிழ்ப் பாட்டைத் தமிழெழுத்தால் ஆகிய சுரதாளக் குறிப்புடன் அச்சேற்றியவர். பின்னவர் தம் இசையை மேனாட்டு ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதுபவர். இருவர்தம் இசைத்திறனை ஒப்பிடுதல் எம் கருத்தன்று. தாளில் எழுதிய இசை, அதனைக் கண்டு பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் எத்துணைப் பயன்படுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நம் சுரதாளக் குறிப்பு, பாட்டை முன்பே அறிந்தவர்க்கு அதனை நினைவூட்டுகிறது. அறியாதவர்க்கு அதனை அறிவிப்பதில்லை. இக்குறைக்குக் காரணம் கேட்பின், கமகத்தை எழுத்தில் அடக்க இயலாது என்பர். இவ்விடை பாதி உண்மையே. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் வகுத்தார். அந்நூல் தெலுங்கெழுத்தில் அமைந்தது; தமிழெழுத்தில் அது பிற்பாடே வந்தது. கமகத்தை ஒருபுறம் வைத்து நோக்கினும், நம் குறிப்பின் இடர்கள் எழுத்திலும் பக்க அமைப்பிலும் எஞ்சி நிற்கின்றன.

முதற்கண் அதன் நலம் கூறுதல் முறை. ச, ரி, க என்னும் குறில் ஓர் அலகும், சா, ரீ, கா என்னும் நெடில் ஈரலகும் பெறுகின்றன. குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் என மாத்திரை வகுத்த தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதனைக் கற்பிக்கவும் வேண்டா. தொல்காப்பியர் நூன்மரபின் இறுதிச் சூத்திரத்தில், எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலித்தலை இசைநூலார்பால் விடுத்தார். அவ்வாறு கடக்கும் அளவைக் காற்புள்ளியாலும் அரைப்புள்ளியாலும் காட்டுவது இன்றைய வழக்கு. காற்புள்ளி ஓரலகு நீட்டம், அரைப்புள்ளி ஈரலகு. உரைநடையில் நிறுத்தம் குறிப்பவை இங்கு நீட்டம் குறிப்பது சிறிது முரணே. எனினும் பழகியார்க்கு அது தடையன்று.

தடையாவது புள்ளி. மேல் தாயிச் சுரத்திற்கு எழுத்தின் தலையிலும், கீழ்த் தாயிச் சுரத்திற்கு அடியிலும் புள்ளி இடுகிறோம். புள்ளியை மெய்யின் அடையாளமாகக் கொள்ளாத நாகரி, தெலுங்கு எழுத்துகளில் தலைப்புள்ளி இவ்விடர் தாராது. தமிழிலோ தலைப்புள்ளி தொல்காப்பியர் காலந்தொட்டே மெய்யின் உடைமை. ஆகவே மேல் தாயிச் சட்சம் குறிலாக வருமிடத்துக் கண் அதனை ‘ச்’ என்றே படிக்கிறது. பின்னரே அறிவு அதனைத் திருத்துகிறது. பாட்டின் உச்சம் பெரும்பாலும் அச்சுரத்தை ஒட்டியே அமைதலின், மிகக் கூர்ந்து படிக்க வேண்டிய இடத்திலேயே கண் தடுமாறுகிறது. கணினியில் அச்சிடுவோர் ‘ச’வுக்கு மெய்யெழுத்தையே இட்டு அமைவர், ‘ரி’க்கும் ‘ரீ’க்கும் அவ்வாய்ப்பும் இல்லை. ஒரே வரியில் ஒரு சுரம் புள்ளி பெற்றும் அடுத்தது பெறாதும் நிற்பின், பாடுவோர் எதனை நம்புவர்? இரண்டாங் காலத்தைக் காட்டும் மேற்கோடும் இப்புள்ளியின் மேலேயே ஏற வேண்டியுள்ளது. அதனை அடிக்கோடாக மாற்றுவோரும் உளர். அவ்விடத்தே கீழ்த் தாயிப் புள்ளி முன்னரே அமர்ந்திருத்தலை அவர் எண்ணிலர்.

இனிச் சாகித்திய வரி. சுரத்தின்கீழ்ச் சொல்லை எழுதுங்கால் எவ்வெழுத்து எச்சுரத்திற்கு உரியது என்பது நேர்நிறுத்தத்தால் மட்டுமே விளங்கும். தமிழெழுத்துகளோ அகலத்தில் பெரிதும் வேறுபடுவன. ‘ப’வின்கீழ் ‘ணை’ வந்தால் அடுத்த எழுத்து விலகுகிறது. நான்கு சுரம் செல்வதற்குள் சொல்லும் இசையும் பிரிந்து விடுகின்றன. அன்றியும், ‘கண்’ என்னும் சொல் நான்கு அலகு நீளின், ணகர ஒற்றை நான்காம் அலகின் இறுதியில் ஒலிப்பதா, முன்னரே வாயடைப்பதா என்பதற்கு நம் குறிப்பில் விடையில்லை. பாட்டின் பொருள் கெடுவதும் விளங்குவதும் பல வேளைகளில் இவ்வொற்றைப் பொறுத்தவை. 1940களில் தமிழிசை இயக்கத்தின் பயனாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் குறிப்புடன் வெளியிட்ட பாடல் நூல்கள் நற்பணி செய்தன. எனினும் ஆசிரியர் துணையின்றி அவற்றைத் திறந்து பாடவல்ல மாணவர் எத்துணைவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேனாட்டுக் குறியீட்டின் வலிமை ஐந்து கோட்டில் இல்லை. பக்க ஒழுங்கில் உள்ளது. அங்கே நீண்ட ஒலிக்கு மிக்க இடமும் குறுகிய ஒலிக்குக் குறைந்த இடமும் தருவர். சொல்லைப் பிரிக்குமிடத்துச் சிறு கோடு இடுவர். ஓர் அசை பல சுரங்களில் நீளின் அதன் முடிவுவரை கோடு இழுப்பர். நெடிது ஓய்ந்திருந்த கருவியாளர் மீண்டும் புகுமிடத்துப் பிறர் வாசிக்கும் சில சுரங்களைச் சிற்றெழுத்தில் காட்டுவர். பக்கம் புரட்டுமிடம் ஓய்விடமாக அமையுமாறு பார்ப்பர். வயலின் வாசிப்போர்க்கு மூன்றாவது கை இல்லை அன்றோ! 2005இல் இளையராஜாவின் திருவாசக இசைக்கு வாசித்த புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினரும், 2025 மார்ச்சு 8இல் இலண்டனில் அவர்தம் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்த இராயல் பில்ஆர்மோனிக் கான்சர்ட் இசைக்குழுவினரும் அவர்பால் குருகுலவாசம் செய்தவர் அல்லர். தாளே அவர்க்கு ஆசிரியன்.

இதனால் ஐங்கோட்டை அப்படியே கொள்க என்பது எம் முடிபன்று. காம்போதியின் நிடாதத்தை அக்கோட்டில் நிறுத்தினால் அதன் அசைவு கல்லாகிவிடும். கொள்ளத்தக்கது அவ்வொழுங்கே. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கும் எட்டுச் சம அகலக் கட்டங்கள் வகுத்து, ஓர் ஆவர்த்தனத்தை இடையில் முறிக்காது ஒரே வரியில் அமைக்கலாம். மேல் தாயிக்குப் புள்ளியை நீக்கி, எழுத்தின் வலத்தோளில் சிறு சாய்கோடு இடலாம். இறுதி ஒற்றை அது ஒலிக்கும் அலகின்கீழேயே தனித்து எழுதலாம். இவற்றுள் எதற்கும் புதிய அச்செழுத்து வார்க்க வேண்டா.

தமிழ்த்துறையினர்க்கு இதில் நேர்ப்பங்கு உண்டு. கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களின் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் ஆய்வேடுகளில் தொகுக்கப்படுங்கால் பெரும்பாலும் சொல் மட்டுமே ஏறுகிறது. மெட்டு ‘தெம்மாங்கு மெட்டு’ என்னும் ஒரு தொடரோடு ஒழிகிறது. ஒலிப்பதிவு உளதே எனின், பதிவு ஒருத்தி ஒரு நாள் பாடியதைத் தரும். இரு பாட்டின் மெட்டை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடக் கண்ணுக்குப் புலனாகும் எழுத்து வேண்டும். ‘ஏலேலோ’ என்னும் அசைநீட்டம் ஓர் ஊரில் எத்தனை அலகு, அடுத்த ஊரில் எத்தனை அலகு என்பதை இன்றைய ஆய்வேட்டு அச்சில் காண இயலாது. அடுத்த தொகுப்புகளில் பாட்டுக்கு ஓர் ஆவர்த்தனமேனும் கட்டமிட்ட குறிப்பாக அச்சிடப்பெறுமாயின், அவ்வேற்றுமை முதன்முறையாக நம் கண்முன் வரும்.