சாறியிடம் இடுப்பளவு கேட்கும் அலுமாரி

பாவித்த உடுப்பு விற்கும் இணையக் கடையொன்று, தன் செயலியில் உள்ள 'எனது அலுமாரி' பகுதியை அடியோடு மாற்றியிருக்கிறது. சாவகச்சேரியிலிருந்து சில கிழமையாக அதைப் பாவித்து வருகிறேன். வேகம், படத்தெளிவு, காசு கட்டும் வழி எல்லாம் மற்றச் செயலிகளைப் போலத்தான், குறையில்லை.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். உங்களுக்கு அளவான சேர்ட் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோள், நீளம் மூன்றையும் நாடாவால் அளந்து பதியச் சொல்கிறது. பிறகு அந்த அளவுக்குக் கிட்ட வருகிறவற்றை மட்டும் காட்டுகிறது. ஒரு கொம்பனியின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். பலமுறை தோய்த்த பருத்தி சுருங்கியும் இருக்கும். கழுத்துப்பட்டியில் உள்ள எழுத்தை விட்டு நாடாவை நம்புவதுதான் பாவித்த உடுப்புக்குச் சரி. மகனுக்கு எடுத்த சேர்ட்டைத் தையல்காரரிடம் கொடுக்கத் தேவைப்படவில்லை.

சாறிக்கு வந்ததும் எல்லாம் குழம்பியது. பச்சைக்கரை போட்ட என் அரக்குப் பட்டுச் சாறியைப் படமெடுத்து ஏற்றினேன். அரக்குப் பாவாடை, பச்சைச் சால்வை என இரண்டு உடுப்பாக அலுமாரியில் விழுந்தது. அந்தப் 'பாவாடை'க்கு இடுப்பளவும் கேட்டது. போடாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. மீடியம் என்று போட்டேன். அன்று தொடக்கம், விற்பவர் மீடியம் என்று பதிந்த சாறிகள் மட்டுமே எனக்கு வருகின்றன. ஐந்தரை மீற்றர் சாறி மெலிந்தவருக்கும் தடித்தவருக்கும் ஒன்றுதான். யாரோ எதையோ அழுத்திவிட்டதால் நல்ல சாறிகள் என் கண்ணில் படாமலே விலைப்படுகின்றன.

வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியவை வேறு. பிளவுஸ் துண்டு வெட்டியாயிற்றா? மடிப்பில் பட்டு விட்டிருக்கிறதா? ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். சரிகை கறுத்ததா? தைத்த பிளவுஸும் சேர்த்து வருகிறதென்றால், உள்ளே எவ்வளவு துணி பிடித்துத் தைத்திருக்கிறது? ஓரங்குலம் இருந்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பிளவுஸ் உதவாது. இவை ஒன்றையும் பதிய இடமில்லை.

வில்னியஸில் 2008இல் தொடங்கிய வின்டெட், அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய திரெட்அப் போன்றவை ஜீன்ஸும் ஃபிறொக்கும் விற்றே வளர்ந்தவை. கொம்பனிப் பெயர், அளவு, நிறம் என்று தேடுவது அந்த உடுப்புகளுக்குப் பொருந்தும். அதே வார்ப்பில் சாறியையும் ஊற்றியதுதான் இங்கே நடந்த பிழை.

எனக்கு ஆகக் கோபம், செயலி ஒவ்வோர் உடுப்புக்கும் போடும் தரப்புள்ளியில்தான். வாங்கிய வருடம் பின்னே போகப்போகப் புள்ளி குறைகிறது. காஞ்சிபுரப் பட்டுக்கு இது தலைகீழ்க் கணக்கு. சிவப்புப் பட்டுநூலில் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசிய அசல் சரிகையைப் பழைய சாறிகளில்தான் தேடவேண்டியிருக்கிறது. இன்று மலிவாக வருகிறவற்றில் பெரும்பாலும் போலிச் சரிகை. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமத்துச் சனம் எங்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. இரண்டையும் தாண்டி ஒரு கூறைச்சேலை விற்பனைக்கு வந்தால், அதை நன்றாகப் பேணிய கைகளுக்கே புள்ளி கூடவேண்டும். வயதைக் காட்டி அதன் விலையை இறக்குவது விற்பவருக்குச் செய்யும் அநியாயம்.

திருத்துவது கடினமில்லை. முதலில் உடுப்பின் வகையைக் கேட்கட்டும். சாறி என்றால் அளவுக் கேள்வியை எடுத்துவிட்டு, மேலே சொன்ன கேள்விகளை வைக்கட்டும். புள்ளியை வயதுக்கல்ல, மடிப்புக்கும் சரிகைக்கும் போடட்டும்.

சேர்ட், களிசான், பஞ்சாபி வாங்குகிறவர்கள் இந்த அலுமாரியைத் தாராளமாக நம்பலாம். சாறிக்கு நம்பவேண்டாம். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: மடிப்பை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தது, கரையின் பின்பக்கம், பிளவுஸின் உள்தையல். அவை வந்த பிறகு காசு கட்டுங்கள்.