சங்கை அளக்காத சுருள்

பள்ளிக் கண்காட்சி என்றால் 'இயற்கையில் கணிதம்' சார்ட் ஒன்று தொங்காமல் இருப்பதில்லை. பரிசும் பெரும்பாலும் அதற்குத்தான். 1, 1, 2, 3, 5, 8 என்று சதுரங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் காம்பசால் கால்வட்டம் இழுத்தால் கிட்டத்தட்டத் தங்கச் சுருள். பக்கத்தில் ஒரு நத்தை, ஒரு சங்கு, ஒரு புயல். கஜா புயலைக் கண்ட புதுக்கோட்டையில் புயல் படத்துக்குத் தனி மரியாதை.

கணக்கென்றால் ஒதுங்கும் பிள்ளையும் ஆசையாக வரைகிறது, நல்லதுதான். சூரியகாந்தியில் 34, 55 என்று சுருள்வரிசைகளை எண்ண முடிவதும் உண்மை. விதைக்கு விதை ஏறத்தாழ 137.5 பாகை திருப்பி அந்தப் பூவையே வரைந்துவிடும் சூத்திரத்தை ஹெல்முட் ஃபோகல் 1979இல் தந்தார்.

சிக்கல் நத்தையிலும் சங்கிலும்தான். தங்கச் சுருள் ஒரு முழுச்சுற்றில் சுமார் 6.85 மடங்கு விரியும். இந்தச் சார்ட்டுகளின் செல்லப்பிள்ளையான நாட்டிலஸ் என்னும் கடலுயிரின் ஓடு விரிவதோ சுமார் மூன்று மடங்கு. பாதிக்கும் குறைவு! சங்கு இன்னும் தள்ளி நிற்கிறது: அதன் வளையங்கள் நுனியை நோக்கி ஏறுகின்றன, தாளில் தட்டையாகப் படுப்பதில்லை. போதாததற்கு, சதுரத்துக்குச் சதுரம் மாறும் இடத்தில் வளைவின் ஆரம் 5இலிருந்து 8க்கு ஒரே தாவாகத் தாவுகிறது. ஓட்டின் விளிம்பில் சிறுகச் சிறுகச் சுண்ணாம்பு சேர்க்கும் உயிர் எது அப்படி வளரும்?

சுற்றுக்குச் சுற்று ஒரே மடங்கில் விரியும் மடக்கைச் சுருளைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி. 1705இல் அவர் இறந்தபின் பாசெல் நகரில் செதுக்கி வைத்ததோ இடைவெளி மாறாத ஆர்க்கிமிடீஸ் சுருள். அந்தக் கல்தச்சரை மன்னிக்கலாம். இயற்கையைப் பார்த்துச் செதுக்கியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கோலமும் கணக்குத்தானே என்று இந்தச் சார்ட்டுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். சிக்குக் கோலம் போடுகிறவள் அதை நத்தை என்று யாரிடமும் காட்டுவதில்லை. வக்காலத்துக்காரர்கள் சித்தன்னவாசல் குடைவரைக்குப் போய் அண்ணாந்து பார்க்கட்டும். கருவறை விதானத்தில் விரித்த கம்பளம் போல வட்டமும் சதுரமுமாக வடிவங்கள். முன்மண்டப விதானத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம், மொட்டும் மலரும் இலையும், நடுவே மீன், யானை, எருமை. வடிவம் வடிவமாக இருக்கிறது, குளம் குளமாக இருக்கிறது. குளத்தின் மேல் யாரும் காம்பசை ஊன்றவில்லை. நம் சார்ட்டோ பார்ப்பதற்கு முன்பே விடையை வரைந்துவிடுகிறது. இதைக் கணக்கு என்றும் ஒப்ப மாட்டேன், ஓவியம் என்றும் ஒப்ப மாட்டேன்.

ஜெகதாப்பட்டினம் கடற்கரைச் சங்கு ஒன்றும் நூலும் அடிக்கோலும் கொடுத்து, வளையத்துக்கு வளையம் அளக்கச் சொல்ல ஒரு பாடவேளை போதும். வருகிற எண்ணை வந்தபடியே எழுதி ஒட்டும் பிள்ளைக்கு நடுவர்கள் ஆறுதல் பரிசாவது கொடுப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.