கடிஞையில் விழுந்த கல்

1

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கு. பேச வந்தவர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். அடியில் உணவு, நீர், உறக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு. உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்ளல். கீழ்ப்படி நிறையாமல் மேல்படி இல்லை என்றார். அன்று மாலையே டீக்கடையில் இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மொதல்ல சோத்துக்கு வழி பண்ணுவோம் தோழர். கவிதை, தன்னிலை, அடையாளம் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." இவர்கள் இருவரும் சந்தித்துக்கொண்டால் சண்டைதான் போடுவார்கள். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே ஏணி.

ஏணிக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படுபவர் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ. 1943-இல் எழுதிய கட்டுரையிலும் 1954-இல் வந்த நூலிலும் மனிதத் தேவைகளை அவர் வரிசைப்படுத்தினார். முக்கோணம் அவர் வரைந்ததல்ல. பின்னால் வந்த நிர்வாகவியல்காரர்களின் கைவேலை. ஒரு தேவை முழுக்கத் தீர்ந்தால்தான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. வரிசை தலைகீழாவதும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தத் தயக்கங்களை எல்லாம் படம் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு படிநிலை. கீழே இருப்பவனுக்கு வயிறு, மேலே இருப்பவனுக்கு மனசு என்கிற பாகுபாடு இந்த மண்ணுக்குப் புதுசா என்ன?

2

எம்.ஏ. வகுப்பில் மணிமேகலையை நான் படித்தது 'பசிப்பிணி நீக்கல் பௌத்த அறம்' என்கிற ஐந்து மதிப்பெண் விடையாகத்தான். ஆபுத்திரன் கதையை மறுபடி வாசித்தபோதுதான் ஏணி ஆட்டம் கண்டது.

வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனவன் அவன். பிடிபட்டதும் அந்தணர்களோடு வாதம் செய்கிறான். அவர்கள் அவன் பிறப்பை இழுக்கிறார்கள். வளர்த்தவரும் கைவிடுகிறார். பிச்சைக்குப் போனால் கடிஞையில், அதாவது பிச்சைப் பாத்திரத்தில், கல்லைப் போடுகிறார்கள். கேள்வி கேட்டவனுக்குச் சோறு கிடையாது. பசியை இந்தப் பிரதி வயிற்றின் நிகழ்வாக மட்டும் பார்க்கவில்லை, அதைத் தண்டனையாகவும் பார்க்கிறது என்பதற்கு இந்தக் கல் போதும்.

மதுரைக்கு வந்து, இரந்ததைக் கண்ணில்லாதவர், காது கேளாதவர், முடவர், நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத் தின்று, ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். கீழ்ப்படியே நிறையாதவன் உச்சிப்படியில் நிற்கிறான். பிறகு சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். கடைசியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருக்கிறது. தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ள மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். மாஸ்லோவின் முக்கோணத்தில் இவனை எந்தப் படியில் வைப்பது?

ஆனால் இந்தப் பிரதியையும் அப்படியே கொண்டாட முடியாது. கொடுப்பவனுக்குப் பெயர் இருக்கிறது, முற்பிறப்பு மறுபிறப்பு எல்லாம் இருக்கிறது. தின்றவர்களில் காயசண்டிகை போன்ற ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் வெறும் பட்டியல். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று காப்பியம் கேட்கவில்லை. வளர்ச்சி முழுக்கக் கரண்டி பிடித்த கையின் வளர்ச்சியாகவே சொல்லப்படுகிறது.

3

வாங்கும் கை பேசினால் எப்படியிருக்கும்? 1927 மார்ச் 20. மகத் நகரின் சவுதார் குளம். பொதுக்குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923-இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் தீர்மானம் ஆகியிருந்தது. மகத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. ஆனால் காகிதம் ஈரமாகவில்லை. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். இந்தக் குளத்து நீரைக் குடிக்காமல் நாம் செத்துவிடப் போவதில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே வந்திருக்கிறோம் என்பதுதான் அந்தப் போராட்டம் பற்றி அவர் சொன்னதன் சாரம். தாகம் அடிப்படைத் தேவை, மதிப்பு அதற்கு மேற்பட்ட தேவை என்று பிரிக்க அங்கே இடமில்லை. ஒரே வாய்த் தண்ணீரில் இரண்டும் இருந்தன. அதனால்தான் சாதி இந்துக்கள் அடித்தார்கள், பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

தமிழில் இந்த இடத்தை எழுதியவர் பாமா. 'கருக்கு' (1992) நூலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. காரணத்தை அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு குழந்தை வளர்ந்துவிட்ட நொடி அது. வளர்ச்சி என்ற சொல்லுக்கு இந்தப் பொருளையும் பயிலரங்குக்காரர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சத்துணவு தின்று படித்தவன். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசர் காலத்தில் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த அந்தத் திட்டம் இல்லையென்றால் இந்தக் கட்டுரை இல்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் தினமும் காலையில் கணக்கெடுக்க ஆசிரியர் சொல்வார்: "சத்துணவு சாப்புடுறவங்க எந்திரிங்க." எந்திரிப்போம். உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சோறுதானடா போடுறாங்க, எந்திரிச்சு நின்னா என்ன கொறஞ்சிரும்?" என்றாள். அவள் பட்ட பசிக்கு அது சரி. ஆனால் எனக்குக் கடிஞையில் ஒரு சின்னக் கல் விழுந்துகொண்டேதான் இருந்தது. பெயர்ப் பதிவேடு ஆசிரியர் கையில்தானே இருந்தது? எழுப்பாமலே எண்ணியிருக்கலாம்.

2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்கள். அவர்கள் அரிசியின் தரத்தைக் கேட்கவில்லை, கை யாருடையது என்றுதான் கேட்டார்கள். சோறு வெறும் சோறு இல்லை என்பது சாதிக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் தோழருக்குத்தான் தெரியவில்லை.

2022 முதல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டமும் நடக்கிறது. நல்லது, இன்னும் வேண்டும். பசி காத்திருக்கட்டும் என்று சொல்ல நான் வரவில்லை. சுயமரியாதை காத்திருக்கட்டும் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். கரண்டி யார் கையில், பந்தியில் யார் பக்கத்தில் யார், கணக்கெடுப்பது எப்படி என்ற கேள்விகள் வயிறு நிறைந்த பிறகு கேட்க வேண்டியவை அல்ல, உலை வைக்கும்போதே கேட்க வேண்டியவை. சோற்றுக்கு வழி பண்ணுவோம் தோழர். எந்திரிச்சு நின்ற பையனையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.