ஜனவரி நேரத்தை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் போட்டிகளின் ஜனவரி முடிவுகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். போன மார்ச்சில் சாம்பியன்ஷிப்பில் பறந்தவர் இப்போது ஏன் இப்படித் திணறுகிறார்? ஃபார்ம் போய்விட்டதா, கோச்சோடு மனஸ்தாபமா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. களைப்பு. அவர் களைத்துக் கிடக்க வேண்டும் என்றுதான் கோச்சும் நினைக்கிறார்.

அங்கே சீசன் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மார்ச்சில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் சாம்பியன்ஷிப்போடு முடிகிறது. மற்ற மாணவர்கள் ஊருக்குப் போகும் கிறிஸ்துமஸ் விடுமுறைதான் நீச்சல் அணிக்கு முதுகொடியும் காலம். வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்பது விதி. விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. விடுவார்களா கோச்சுகள்? வசதியுள்ள அணிகள் ஃப்ளோரிடா, ஹவாய் என்று வெயிலைத் தேடிப் போய்விடும். மற்றவர்கள் விடியுமுன் உறைபனியில் நடந்து உள்ளரங்கக் குளத்துக்கு வர வேண்டும். தண்ணீர் என்னவோ 25 டிகிரிக்கு மேல், இதமாகத்தான் இருக்கும். தொல்லை காற்றில். வியர்வையோடும் (சிறுநீரோடும்தான், மறைப்பானேன்?) குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன், தண்ணீருக்குச் சற்று மேலே, நீந்துபவர் மூச்சிழுக்கும் அதே உயரத்தில் தேங்கி நிற்கும். சூடாக்கும் செலவைப் பார்த்து வெளிக்காற்றைக் குறைத்தால், ஆளாளுக்கு இருமல்.

இந்த வாரங்களின் செட்டுகள் ஈவிரக்கமற்றவை. 1:10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நூறு யார்டு, இப்படி இருபது தடவை என்று வையுங்கள். 1:02-ல் சுவரைத் தொட்டால் எட்டு நொடி ஓய்வு. 1:08-ல் தொட்டால் இரண்டே நொடி. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கும்.

இப்படிப்பட்ட குளிர்கால உழைப்பு பின்னால் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2007 இறுதியில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், மிச்சிகனின் ஆன் ஆர்பரில் பாப் போமேனிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். காரில் ஏறப்போனவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு ஒரு வருடம்கூட இல்லை. கை தேறும்வரை காலுக்கு வேலை கொடுத்தார் போமேன்: கிக், கிக், மேலும் கிக். அடுத்த ஆகஸ்டில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் பாதித் தூரத்தில் ஏழாவதாகத் திரும்பியவர், 50.58 நொடியில் தங்கம் வென்றார். மிலோராட் சாவிச்சுக்கு 50.59. சாவிச் கையை நீட்டியபடி மிதந்து வர, ஃபெல்ப்ஸ் அவசரமாக வீசிய அந்தக் கடைசி அரை ஸ்ட்ரோக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதை வீசும் தூரத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது எது? எலும்பு முறிந்ததால்தான் தங்கம் என்றால் அது கதை கட்டுவது. ஆனால் கடைசி 50 மீட்டரில் கால் தளராமல் இருந்ததற்கு அந்தக் குளிர்காலத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

அதே பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, சுவர் தெரியாமல், ஸ்ட்ரோக்கை எண்ணியே 1:52.03-ல் உலக சாதனை படைத்தார். சுவருக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்பது போட்டியன்று கற்றுக்கொள்ளும் விஷயமல்ல. ஞாயிறும் நீந்தினால் வருடத்துக்கு 52 நாள் கூடுதல் என்பது போமேனின் கணக்கு. எல்லாத் தோளும் அதைத் தாங்காது என்பது வேறு விஷயம்.

சரி, ஜனவரி முடிவுகளில் எதைத்தான் பார்ப்பது? கல்லூரிக் குளம் 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர். 200 யார்டில் ஏழு டர்ன். ஒவ்வொரு டர்னுக்குப் பின்னும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போகலாம். களைத்தவர் கடைசி டர்ன்களில் மூச்சுக்காகச் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். வராமல் தாக்குப்பிடிப்பவரையும், முதல் நூறுக்கும் இரண்டாவது நூறுக்கும் அதிக வித்தியாசம் காட்டாதவரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர் நான்காவதாக வந்திருந்தாலும். பெரிய போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு டேப்பர் தொடங்கி வேலை குறைந்ததும், நேரம் மளமளவென்று இறங்குவது இவர்களுக்குத்தான். முதல் பாதியில் பறந்து, கடைசியில் துவண்டு, எப்படியோ ஜனவரியில் ஜெயித்தவர்மீது நான் பந்தயம் கட்ட மாட்டேன்.