மூடிய கிண்ணத்தின் விலை

ஹெட்ஃபோன் வாங்கக் கிளம்பும் எவரையும் முதல் நாளே யாராவது பிடித்து உட்காரவைத்து ஒரு சூத்திரம் சொல்லிவிடுவார்கள்: "பின்பக்கம் திறந்ததுதான் நல்லா கேட்கும். மூடினது ஆபீசுக்கும் பஸ்ஸுக்கும்தான்." பல வருஷமா நானும் அதையே பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் பாதிதான் உண்மை என்று படுகிறது.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். ஹெட்ஃபோனுக்குள் அதிரும் சவ்வு காதுப்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் ஒலியை அனுப்புகிறது. 1968இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 அந்தப் பின்னொலியை வெளியே போகவிட்டது. திறந்த வகையின் கதை அங்கே தொடங்குகிறது. மூடிய கிண்ணத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. சுவரில் முட்டித் திரும்பி, மெல்லிய சவ்வையும் ஊடுருவி, கொஞ்சம் தாமதமாகக் காதுக்கு வருகிறது. சில அலைவரிசைகள் வீங்குகின்றன, சில அமுங்குகின்றன. குடத்துக்குள் பேசினால் குரல் மாறுகிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

ஆக, இது பொறியியல் சிக்கல், தலைவிதி அல்ல. 2018இல் சென்ஹைசர் எச்.டி. 820இன் பின்பக்கத்தை வளைந்த கண்ணாடியால் மூடியது. பின்னொலியை உறிஞ்சிகளை நோக்கித் திருப்பிவிடுவது அதன் வேலை. யோசனை அழகு. ஆனால் பேஸுக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் மிஞ்சியது. திறந்த எச்.டி. 800 எஸ்-ஐவிட அறிமுக விலையும் சுமார் 700 டாலர் கூடுதல். 2021இல் டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த் இன்னும் நெருங்கியது. மூடிய ஹெட்ஃபோன் என்று சொல்லாமல் கொடுத்தால் பலர் கண்டுபிடிக்க மாட்டார்கள். அறிமுக விலை சுமார் 4,000 டாலர். முடியுமா என்றால், முடியும். நம்ம பட்ஜெட்டில் முடியுமா என்பது வேறு கேள்வி.

என் புகார் ஹெட்ஃபோன்கள் மேல் அல்ல, விமர்சனங்கள் மேல். ஒலியின் அகலம், ஆழம், காற்றோட்டம் என்று பத்தி பத்தியாக எழுதுபவர்கள், எந்த அறையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று எழுதுவதில்லை. என் அறையில் மின்விசிறி சுற்றுகிறது; ஜன்னலுக்குக் கீழே ஆட்டோ நிற்கிறது. திறந்த ஹெட்ஃபோனில் தம்புராவின் மெல்லிய இழை அந்த இரைச்சலோடு கரைந்துபோகிறது. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்தில் தூங்கும் குழந்தை புரண்டு படுக்கிறது. மூடியதில் அதே இழை, கொஞ்சம் நிறம் மாறித்தான், ஆனால் முழுசாக வருகிறது. அதுவும் என் மூக்குக்கண்ணாடியின் காம்பு காதுமெத்தையில் இடைவெளி விடாதவரை. விட்டால் பேஸ் ஒழுகிவிடும்.

நிசப்தமான அறையில் திறந்ததே இன்னும் என் தேர்வு. அப்படியொரு அறை எனக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கிடைக்கிறது. மற்ற நேரத்துக்கெல்லாம், குறையுள்ள அந்த மூடிய கிண்ணத்தில்தான் அதிக இசை கேட்டிருக்கிறேன்.