ரோமம் உறிஞ்சும் யந்திரம்

லாப்ரடார் நாயை வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு, மாசி பங்குனி மாதங்களில் அதன் வெளிறிய மஞ்சள் ரோமம் எங்கெங்கே போய்ச் சேரும் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறியின் இறக்கை விளிம்பு, மடித்து வைத்த வேட்டியின் உள்மடிப்பு, பூஜை அறை விளக்கின் எண்ணெய் என்று அது புகாத இடமில்லை. இந்த உபத்திரவத்துக்குப் பரிகாரமாகக் கடைகளுக்கு வந்திருக்கும் ஒரு யந்திரம், நாயின் உடம்பிலேயே சீப்பை வைத்து வாரி, உதிரும் ரோமம் தரையைத் தொடுவதற்கு முன்பே அதைக் காற்றால் இழுத்து ஒரு டப்பாவில் அடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டு லாப்ரடாரின் மேல் ஓர் உதிர்காலம் முழுவதும் அதைப் பிரயோகித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே அமைப்புள்ள கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், கம்பெனியைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாங்குகிறவர்களுக்குப் பிரயோஜனப்படும்.

லாப்ரடாருக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே மழைத் தண்ணீரை வழியவிடும் முரட்டு ரோமம். அதன் கீழே குளிரைத் தடுக்கும் பஞ்சு போன்ற மெல்லிய ரோமம். நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு உழைத்த நாய்களிலிருந்து பிறந்து, பிரிட்டனில் வளர்த்தெடுக்கப்பட்டு, 1903இல் அந்நாட்டுக் கென்னல் கிளப்பின் அங்கீகாரம் பெற்ற ஜாதி இது. பகல் நீளும்போதும் குறையும்போதும் உள்ரோமத்தைக் கழற்றிப் புதிதாய் வளர்த்துக்கொள்ளும் சுபாவம் அதற்குப் பரம்பரைச் சொத்து. ஆனால் லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்க, சென்னையிலோ அது சுமார் ஒன்றரை மணி நேரந்தான். போதாக்குறைக்கு இரவு பதினொரு மணி வரை வீட்டில் விளக்கெரிகிறது. ஆகவே எது வசந்தம், எது சரத்காலம் என்று திட்டமாக அறிந்துகொள்ளாத அந்த ஜீவன், வருஷம் முழுவதும் கொஞ்சம் உதிர்த்து, கோடையின் வாசலில் அதிகமாக உதிர்க்கிறது. எனவே இங்கே இந்தக் கருவி இரண்டு மாதம் உழைத்துவிட்டுப் பரணில் ஏறும் சாமானல்ல.

தூசியை ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கலாம் என்று எண்ணிய ஹியூபர்ட் சிசில் பூத் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர், 1901இல் காப்புரிமை பெற்ற தமது யந்திரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி வீதியில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டார். அதன் வழிவந்த இந்தப் பெட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஒன்றரை லிட்டர் டப்பா, வளையும் குழாய், அதன் முனையில் மாற்றி மாற்றிப் பொருத்த எஃகுப் பல் சீப்பு, மென்மையான தூரிகை, ரோமம் கத்தரிக்கும் மெஷின், சோபா இடுக்குக்கான குறுகிய மூக்கு ஆகியவை உண்டு. உறிஞ்சும் வலிமை 9,000 பாஸ்கல் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 1,01,325 பாஸ்கல் ஆகையால், இந்த எண்ணைக் கண்டு பிரமிக்க வேண்டாம்; நாயின் தோலை இழுத்து நோகச் செய்யாதிருப்பதற்கு இந்த மிதமும் அவசியந்தான்.

சப்தத்தைப் பற்றி அட்டை சொல்வது மனிதக் காதுக்குப் பொருந்தும். நமக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்பதில்லை. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நமக்கு மேஜை விசிறியின் இரைச்சலாகப் படுகிற மோட்டாருக்குள் அதற்கு வேறென்ன கூச்சல் கேட்கிறதோ! எனவே யந்திரத்தை அடுத்த அறையில் ஓடவிட்டு, இங்கே தயிர்சாதத்தை வைத்து, பிறகு வாசற்படிக்கு நகர்த்தி, அதன்பின் ஓடாத சீப்பால் மட்டும் வாரி, கடைசியில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்தச் சிநேகத்தை ஒரே மாலையில் சாதித்துவிட நினைப்பவர்கள், கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாயையும் கொடுத்த பணத்தையும் நினைத்து வருந்துவார்கள்.

நாய் இணங்கிவிட்டால், வேலை பார்க்க ரசமாகத்தான் இருக்கிறது. வாலுக்குச் சற்று முன்னே, இடுப்பின் மேற்புறத்தில் உள்ரோமம் அடர்த்தி. அங்கே சீப்பை அழுத்தாமல் வைத்து, ரோமம் படிந்த திசையிலேயே கைநீளம் இழுத்தால், பற்களுக்கிடையே சாம்பல் கலந்த வெள்ளைப் பஞ்சு திரண்டு ஒரு கணம் தயங்கிப் பிறகு குழாய்க்குள் சடக்கென்று மறைகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் மேல்ரோமமும் அறுபட்டு, தோல் சிவக்கிறது. வயிற்றுப் பக்கத்துக்கும் தொடையின் உட்புறத்துக்கும் எஃகுச் சீப்பு கூடவே கூடாது. அங்கெல்லாம் தூரிகை போதும்.

ஒரு பரீட்சை செய்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டுச் சீப்பால் மட்டும் வாரினேன். பிறகு சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை உடம்பின் மேல் ஓட்டினேன். முன்னதில் கைநிறைய ரோமம் வந்தது. பின்னதில் வந்தது அற்பம். ஆக, ரோமத்தைப் பெயர்த்தெடுப்பது சீப்பே. மோட்டாரின் உத்தியோகம் அதைப் பறக்காமல் பிடிப்பது மட்டுமே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கைச்சீப்போடு மொட்டை மாடியில் உட்காரக்கூடியவர்களுக்கு, அடுத்த வீட்டு மாமி வடாம் காயவைக்காத நாளாகப் பார்த்துக்கொண்டால், இந்த யந்திரம் தேவையில்லை. மாடியும் முற்றமும் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இதற்கு விலைமதிப்பு உண்டாகிறது. அங்கே இது கொடுக்கும் சௌகரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

குறைகளும் உண்டு. பஞ்சு ரோமம் குழாயின் வளைவில் கம்பளிபோல் அடைத்துக்கொள்ள, மோட்டாரின் குரல் மெலிந்து கீச்சிடத் தொடங்குகிறது. அப்போது நிறுத்திக் குழாயை உதறியாக வேண்டும். சீப்பில் சிக்கும் உண்ணிகள் டப்பாவுக்குள் போயும் உயிரோடு நடமாடுகின்றன. நாய்களுக்கு எர்லிக்கியா காய்ச்சலைப் பரப்பும் பிராணி அது. ஆதலால் டப்பாவைத் திறந்தவுடன் உள்ளே இருப்பதைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுவது உத்தமம். கத்தரிக்கும் மெஷினைப் பூடில் வளர்ப்பவர்கள் தாராளமாக உபயோகிக்கலாம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று லாப்ரடாரை மழித்துவிடுவது மட்டும் விபரீதம். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் மேல்ரோமம் போய்விடுவதோடு, மறுபடி முளைப்பதும் சில சமயம் திட்டுத்திட்டாகவே அமைகிறது.

நாய் இருக்கும் வீட்டில் தும்மலும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள், இதை வாங்கினால் சொஸ்தமாகிவிடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கிறது. ரோமம் அதற்கு வாகனம் மாத்திரமே. ரோமம் வட்டமாகக் கொட்டி உள்ளே தோல் சிவந்து தெரிந்தாலோ, அது பருவத்தின் காரியமல்ல, கால்நடை டாக்டர் பார்க்க வேண்டிய வியாதி.

குட்டை ரோமமுள்ள ராஜபாளையம் நாய்க்கு ஈரமான ரப்பர் கையுறையால் ஒரு தடவல் போதும். பூனை இந்தச் சப்தத்துக்கு இணங்குவது துர்லபம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் முதலியவற்றை அடுக்குமாடியில் வளர்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது மோட்டாரின் வலிமையை விசாரிப்பதைவிட, மாற்று ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது முக்கியம். ஃபில்டரைக் கழுவினால் முழுக்க உலரும்வரை பொருத்தக்கூடாது. ஐப்பசி மழையில் அது உலர்வதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும், அதுவரை பழைய கைச்சீப்புதான் கதி.