கொய்யா மரத்துச் சுந்தரி

நாய் வளர்ப்பவர்கள், லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள், மீன்தொட்டிக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நான் குச்சிப்பூச்சி வளர்க்கிறேன்! கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில், எங்கள் வீட்டுத் திண்ணையில், கொசுவலை அடித்த ஒரு கூண்டுக்குள். குரைக்காது, கடிக்காது, நாறாது. பகல் முழுக்கச் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதில்தான் எத்தனை சாமர்த்தியம்!

வருகிறவர்களிடம் கூண்டைக் காட்டி, "எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். கொய்யாக் கிளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அது அவர்கள் மூக்குக்கு நேரே இருக்கும். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் நீட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால், அந்தக் கால்களின் அடிப்பக்கம் தலை பொருந்துவதற்கென்றே உள்வாங்கி வளைந்திருப்பது தெரியும். லேசாக ஊதிவிடுங்கள், காற்றடித்த தழை மாதிரி அப்படியும் இப்படியும் ஆடும். நடிப்பென்றால் இதுதான் நடிப்பு!

"இன்னாடா, வெளக்குமாத்துக் குச்சிக்குப் போய் தண்ணி தெளிக்கிற?" என்று ஆயா கேட்டதும் அதனால்தான்.

உலகமெங்கும் பள்ளிக்கூடங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மிகப் பரவலாக வளர்க்கப்படும் குச்சிப்பூச்சிக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? நம்முடைய பழனி மலை! கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். அந்த வட்டாரத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பூச்சியை 1901-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் ஒரு இயேசு சபைப் பாதிரியார்தான், பிரான்சின் ராபர்ட் தெ சினெட்டி. கராசியஸ் மொரோசஸ் என்று இன்றைக்குப் பெயர். ஆண் துணையே இல்லாமல் பெண் முட்டையிடும், பொரிவதும் அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில், இது ஆறு காலையும் எப்படி மாற்றி மாற்றி எடுத்து வைக்கிறது என்று ஆராய்ந்து, அதைப் பார்த்தே நடக்கும் ரோபோ செய்தார்கள். செண்பகனூர்க்காரி ரோபோவுக்கே நடை பழக்கியிருக்கிறாள். நமக்குத்தான் சேதியே தெரியாது!

என்னிடம் இருப்பது அவளல்ல. மலைக்குளிரில் பிறந்தவள் எங்கள் ஊர் அக்கினி நட்சத்திரத்தைத் தாங்க மாட்டாள். இது எங்கள் தோட்டத்துக் கொய்யாவிலேயே தொற்றிக்கொண்டிருந்த உள்ளூர்ச் சுந்தரி. மருந்தடிக்காத கொய்யாக் கிளையை ஒடித்துத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தால் சாப்பாடு முடிந்தது. பாட்டில் வாயில் பஞ்சை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் உள்ளே விழுந்து மூழ்கிவிடும். பொழுது சாய்ந்ததும் தழைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் துளித்துளியாக உறிஞ்சும்.

கூண்டு மட்டும் உயரமாக இருக்கட்டும், பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது. காரணம், தோலுரிப்பு. அதைப் பார்க்காதவர்களுக்காக நான் உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்! கூரையில் தலைகீழாகத் தொங்கும். பிடரிக்குக் கீழே முதுகு பிளக்கும். முதலில் முதுகு பிதுங்கும், பிறகு தலை, பிறகு நூல் மாதிரியான கால்கள் ஒவ்வொன்றாகப் பழைய தோலிலிருந்து உருவிக்கொண்டு வரும். இடம் போதாமல் நடுவில் கீழே விழுந்தால் கால் கோணிவிடும், உயிரே கூடப் போகலாம். எல்லாம் முடிந்ததும் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, கழற்றிய தோலையே மென்று தீர்த்துவிடும். சிக்கனத்தில் ஆயாவையே மிஞ்சிவிட்டது.

கையால் இழுக்காதீர்கள், காலை உங்களிடமே விட்டுவிட்டுப் போய்விடும். இளசென்றால் அடுத்தடுத்த தோலுரிப்பில் புதுக்கால் முளைக்கும், அது வேறு ஆச்சரியம்!

ராத்திரி விளக்கணைத்தால் கூண்டின் அடியில் விரித்த காகிதத்தில் டக், டக் என்று சத்தம். முட்டை! பார்த்தால் ஏதோ விதை என்றுதான் நினைப்பீர்கள். பல இனங்களில் முட்டை மூடியின்மேல் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதற்கு ஆசைப்பட்டு எறும்புகள் முட்டையைப் புற்றுக்குள் தூக்கிப் போகும் என்று, அண்ணாமலைப் பல்கலையில் வேளாண்மை படிக்கும் எங்கள் அக்கா மகன் சொன்னான். குமிழை மட்டும் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடுமாம். ஒட்டுண்ணிக் குளவிகள் கண்ணில் படாமல் முட்டை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். கூலியும் கொடுத்துக் காவலும் வாங்கிக்கொள்கிற கெட்டிக்காரத்தனம்! நான் ஈரம் சற்றே கலந்த மணலில் வைக்கிறேன், பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிடுவேன். பொரிய மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

உங்களுக்கும் வேண்டுமா? கடைக்குப் போகாதீர்கள். ஓரம் கடிபட்ட இலைகள் உள்ள கொய்யா மரமாகப் பார்த்து, இருட்டிய பிறகு டார்ச்சை அடியிலிருந்து மேலே அடித்துப் பாருங்கள். நடக்கிற குச்சி எது என்று அப்போது தெரிந்துவிடும்!